பிலோமினா அக்காவின் பூஞ்சணச் சண்டை

"நேத்துதானே பேசி முடிச்சோம்? அதுக்குள்ள எங்கேருந்துடா வந்தே? சிக்னல் போட்டியா? கண்ணாடி பாத்தியா?"

காலை ஐந்து ஐம்பது. சுவருக்கு அந்தப் பக்கம் பிலோமினா அக்கா தன் வீட்டுக் குளியலறைப் பூஞ்சணத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் நான் தலை நிறைய சோப்பு நுரையோடு, ஏதோ என்னைத்தான் கேட்கிறார் என்பதுபோல் அசையாமல் நிற்கிறேன். எங்கள் இரண்டு வீட்டுக் குளியலறைகளும் முதுகோடு முதுகு ஒட்டியவை. நடுவில் இருப்பது ஒரே ஒரு செங்கல் சுவர். முதலில் பிரஷ் கரகரவென்று தேயும். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அது அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சுவரை உற்றுப் பார்க்கும் நேரம். அதன் பிறகு, "இந்தா, மூலையில ஒளிஞ்சிருக்கான் பாரு" என்று குரல் வரும். மறுபடியும் கரகர.

அக்காவுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. இருபத்திரண்டு வருடமாக மலேசியாவின் தைப்பிங் நகரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கம் இன்னொரு பிரேக் இருக்கும் அல்லவா, அதை மிதித்து மிதித்து அவருடைய வலது கால் தனியாக ஒரு வாழ்க்கை நடத்துகிறது. பேருந்தில் போனாலும் அந்தக் கால் தரையை அமுக்கும். மாதா கோவிலில் சாமியார் பிரசங்கத்தை வேகமாக வாசித்தால் அமுக்கும். கணவர் ஞானம் அண்ணன் அவசரமாகச் சாப்பிட்டால் மேசைக்கு அடியில் அமுக்கிக்கொண்டே, "கியரக் கொறைங்க, கியரக் கொறைங்க, யாரு தொரத்துறா?" என்பார்.

எங்கள் வீட்டு வரிசையில் யாரும் பழைய பல் துலக்கும் பிரஷைக் குப்பையில் போடக்கூடாது. அது அக்காவின் சொத்து. மாதம் பிறந்தால் பிளாஸ்டிக் பையோடு வீடு வீடாக வருவார். கொடுத்ததைச் சும்மா வாங்கிக்கொண்டு போகவும் மாட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முடியைத் தடவிப் பார்ப்பார். போன மாதம் என் பிரஷைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, புதுசு மாதிரியே இருக்கு? நெசமா பல்லு வெளக்குறியா, இல்ல காட்டிட்டு வெச்சிடுறியா?" என்றார். பக்கத்தில் தபால்காரர் நின்றுகொண்டிருந்தார். அவரும் என் பல்லைப் பார்த்தார்.

எங்கள் ஊரில் பூஞ்சணம் இல்லாத வீடு கிடையாது. நான் வேலை பார்க்கும் நூலகத்தில் கலைக்களஞ்சியத்தின் எட்டாம் தொகுதிக்கு மூன்று வருடமாக மீசை முளைத்திருக்கிறது. பெல்ட்டை இரண்டு வாரம் கட்டாமல் தொங்கவிட்டால் வெள்ளை ரோமம் வந்துவிடும். எல்லாரும் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். பிலோமினா அக்கா மட்டும் அதைத் தனக்குச் செய்த அவமரியாதையாக எடுத்துக்கொண்டார். அதற்குக் காரணம் ரெஜினா டீச்சர்.

அக்டோபர் மாதம் மாதா சுரூபம், அதாவது சிலை, எங்கள் வட்டாரத்தில் வீடு வீடாகப் போகும். சுரூபம் வரும் வீட்டில் அன்று சாயங்காலம் முப்பது பேராவது கூடி ஜெபமாலை சொல்வார்கள். அக்டோபரில்தான் இங்கே மழை கொட்டித் தீர்க்கும். எனவே முப்பது பேரும் சேற்றுக் காலோடு வருவார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேரே குளியலறைக்குப் போய்க் கால் கழுவிவிட்டுத்தான் கூடத்தில் உட்கார முடியும். மற்ற ஊரில் விருந்தாளி கடைசியாகப் பார்க்கும் இடத்தை எங்கள் ஊரில் முதலில் பார்க்கிறார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அக்கா வீட்டு முறை வந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ரெஜினா டீச்சர் கால் கழுவிவிட்டு வந்தார். புடவை முந்தானையால் கையைத் துடைத்தபடி, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "வீடு நல்லா வெச்சிருக்க பிலோமினா. குளிக்கிற எடம்தான் ஏதோ கொகைக்குள்ள போன மாதிரி இருக்கு" என்றார். பிறகு முக்காடு போட்டுக்கொண்டு பக்தியோடு உட்கார்ந்துவிட்டார். அன்று ஐம்பத்து மூன்று மணி ஜெபத்தில் அக்கா எத்தனை மணி சொன்னார் என்பது மாதாவுக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் காலை ஐந்து ஐம்பதுக்குச் சண்டை தொடங்கியது.

பிளீச்சிங் போட்டார். பத்து நாளில் திரும்பி வந்தது. வினிகர் அடித்தார். குளியலறை முழுக்க ஊறுகாய் வாசனை. ஞானம் அண்ணன் குளித்து முடிக்கும்போதெல்லாம் பசியோடு வந்தார். கார் ஓட்டப் பழக வந்த மாணவன் ஒருவன், "ரெண்டையும் கலந்து ஊத்துங்க டீச்சர், சீக்கிரம் சாவும்" என்று யோசனை சொல்லப்போக, அக்கா அவனை பாதி வழியில் காரை ஓரம்கட்டச் சொல்லி அரை மணி நேரம் திட்டினார். "அது ரெண்டும் சேந்தா வெஷப்புகை வருண்டா. அவன் சாவுறதுக்கு முன்னாடி நான் போயிருவேன். ஒரு வண்டிக்கு ஒரு டிரைவரு, தெரியுமா?" பிறகு சோடா உப்பு, எலுமிச்சை, அடுப்புக்கரி. ஒரு மாதம் மேசை விசிறியைக் குளியலறை வாசலில் வைத்து நாள் முழுக்கச் சுவருக்குக் காற்று வாங்கிக் கொடுத்தார். கூடத்தில் அண்ணன் பழைய நாட்காட்டி அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். குளித்து முடித்தவர்கள் ரப்பர் துடைப்பானால் சுவரைப் பன்னிரண்டு இழுப்பு இழுக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் வந்தது. பத்தோடு நிறுத்தினால் வெளியிலிருந்தே, "இன்னும் ரெண்டு!" என்பார்.

எதற்கும் அது மசியவில்லை. தேய்த்தால் மேலே இருப்பது போகும். சிமெண்டுக்குள் இறங்கிய நிழல் மட்டும் போகாது. அந்த நிழல் குந்தியிருக்கும் பூனை போல இருக்கும், வால் ஒரு பக்கம் நீண்டு. ஈரம் ஏறினால் பூனை கருக்கும்.

இனி ஞானம் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. அந்த வீட்டில் பேச்சு மொத்தமும் அக்காவின் கையில் இருப்பதால் அண்ணனுக்கு மிஞ்சுவது "ம்" ஒன்றுதான். அவர் வாயைத் திறக்கும் ஒரே இடம் கிம் செங்கின் கோப்பிக்கடை. காரணம் மழைப் பந்தயம்.

பந்தயம் இதுதான். கிம் செங் தன் கடை வாசலில் ஒரு பிஸ்கெட் தகரத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். அன்றைய முதல் துளி அதன்மேல் எத்தனை மணிக்கு விழும் என்று காலை கோப்பி குடிக்கும்போதே எல்லாரும் சொல்லிவிட வேண்டும். யார் சொன்னது கிட்டத்தில் இருக்கிறதோ அவருக்கு மறுநாள் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி. வேறு பரிசு கிடையாது. ஆனால் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் வியர்வை துடைப்பதைப் பார்த்துக்கொண்டே காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி தின்பது சாதாரண விஷயமல்ல. மூன்று வருடமாக அது அண்ணனின் சிம்மாசனம். ஐந்து நாளில் நாலு நாள் அவர்தான். "இன்னிக்கி ரெண்டே முக்கா" என்பார், கண்ணை மூடியபடி. மருத்துவமனைத் தாதிகள்கூட, "அண்ணே, துணி காயப் போடலாமா?" என்று அவரைத்தான் கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியில் அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும்.

ரகசியத்தை என்னிடம் மட்டும் சொன்னார், சத்தியம் வாங்கிக்கொண்டு. "பூன சொல்லுது தம்பி. காலையில பல்லு வெளக்கும்போது வாலப் பாப்பேன். வாலு நல்லா கருத்திருந்தா ரெண்டு, ரெண்டரைக்கு மழை. சாம்பலா இருந்தா நாலுக்கு மேல. வாலே தெரியலன்னா ஆறு. ஒங்கக்காகிட்ட மட்டும் சொல்லிறாத. அவளுக்குத் தெரிஞ்சா செவுத்தையே இடிச்சிருவா."

ஆக ஒரே குளியலறையில், ஐந்து ஐம்பதுக்கு மனைவி பூனையைக் கொல்லப் பார்ப்பார். ஆறரைக்குக் கணவர் அது பிழைத்துவிட்டதா என்று பதறிப்போய்ப் பார்ப்பார். இருவரில் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் சுவருக்கு இந்தப் பக்கம் நான் குளித்துக்கொண்டிருந்தேன். நான் குளித்துக்கொண்டிருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

செப்டம்பர் தொடக்கத்தில் என் குளியலறை ஓடு ஒன்று பெயர்ந்து என் காலருகே விழுந்தது. குழாய் பழுது பார்ப்பவர் வந்து சுவரைக் கொத்தினார். ஷவருக்கு ஏறும் குழாயின் மூட்டைத் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டினார். "இது இன்னிக்கி நேத்து ஒழுகுறது இல்ல. மூணு வருசமாச்சும் இருக்கும். நீ ஷவரத் தொறக்கும்போதெல்லாம் தண்ணி செவுத்துக்குள்ள போயிருக்கு. ஒன் பக்கம் ஓடு ஒட்டியிருக்கு, ஒனக்குத் தெரியல. அந்தப் பக்கம் வெறும் சிமெண்டு. பாவம், அந்த வீட்டுக்காரங்க யாரு?"

அடுத்த கணக்கு தானாகவே மனதில் ஓடியது. புழுக்கம் தாங்காத விடியற்காலைகளில் நான் இரண்டு தடவை குளிப்பேன். வீட்டில் கோப்பி குடிப்பதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, எல்லாம் ஆறரைக்குள். இரண்டு தடவை குளித்தால் வால் கருக்கும். விடியும்போதே அப்படிப் புழுங்கினால் இரண்டு மணிக்கெல்லாம் வானம் பொத்துக்கொள்ளும். குளிர்ச்சியான காலையில் எனக்குக் காக்காக் குளியல் போதும். வால் சாம்பலாகும்; மழையும் தாமதிக்கும். மூன்று வருடமாக மழையைச் சொன்னது பூனை அல்ல, வியர்த்துக் குளிக்கப் போன என் முதுகு.

குழாயைச் சரி செய்தேன். வாயை மட்டும் திறக்கவில்லை. கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று வாரத்தில் அக்காவின் சுவர் காய்ந்தது. அந்தச் சமயத்தில் அவர் கையில் இருந்த ஆயுதம் கிராம்புத் தைலம். ஒரு பாட்டில் தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டு அடித்து, பிரஷால் தேய்த்தார். பூனை போயே போயிற்று. வாசலில் நின்று வரிசை முழுக்கக் கூவினார். "வந்து பாருங்க! வந்து பாருங்க! இன்ஜின் ஆஃப்!" நாங்கள் ஒவ்வொருவராகப் போய்க் குளியலறையைப் பார்த்து, கல்யாணப் பெண்ணைப் பார்த்ததுபோல் தலையாட்டிவிட்டு வந்தோம். என் முறை வந்தபோது, "எப்புடி?" என்றார். "அருமைக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

பிறகு அவர் தைலத்தைப் பாட்டில் பாட்டிலாகக் கலந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். யார் வீட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை. "போகலியே பிலோமினா" என்று வந்தவர்களிடம், "கையப் பாத்தாலே தெரியுது, நீ சரியா தேக்கல" என்றார்.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை மாதா சுரூபம் அக்கா வீட்டுக்கு வந்தது. மழையும் வந்தது. முப்பத்து நாலு பேர் கால் கழுவினோம். ரெஜினா டீச்சர் கடைசியாக வந்து, குளியலறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் ஜெபமாலையின் மூன்றாம் தேவ இரகசியத்தில் இருந்தோம். அக்காவின் உதடு ஜெபத்தில், கண் குளியலறைக் கதவில், வலது கால் தரையில் அழுந்தியபடி. ஐந்து நிமிடம் ஆகியும் டீச்சர் வரவில்லை. உள்ளே விரலால் சுரண்டிப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

வந்தார். குனிந்து அக்காவின் காதில் கேட்டார், ஆனால் டீச்சரின் ரகசியமே பின்வரிசைக்குக் கேட்கும். "பெயிண்டு அடிச்சியா?"

"பெயிண்டா? கைவேல டீச்சர்."

"எனக்கும் ஒரு பாட்டில் எடுத்து வையி."

அந்த நிமிடம் அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குமேல் அவருக்கு மோட்சத்தில்கூட எதுவும் தேவைப்பட்டிருக்காது.

ஜெபம் முடிந்து மீகூன் சேமியாவும் கறிபாப் பலகாரமும் வந்தன. வெளியே மழை நிற்கிற வழியாக இல்லை. யாரோ ஒரு பெண், "ஞானம் அண்ணே, எப்ப விடும்? நீங்க சொன்னா சரியா இருக்குமே" என்றார். கூடம் முழுக்க அண்ணனைத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் ஒருமுறை குளியலறைக் கதவைப் பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு எப்புடிம்மா தெரியும்? வேற யாரையாச்சும் கேளுங்க" என்று எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். தட்டில் மீகூன் அப்படியே இருந்தது. அக்கா பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோப்பிக்கடையில் அண்ணனின் நிலைமையை நான்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேனே. "மூணு மணி" என்பார். ஆறுக்குத்தான் டங் என்று தகரத்தில் விழும். "அஞ்சு" என்பார், கோப்பி ஆறுவதற்குள் கொட்டும். சிம்மாசனம் போய்விட்டது. கோப்பைகள் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தெறிக்கும் தண்ணீரை வாங்கிக்கொண்டிருந்தார். கிம் செங்கே மனம் பொறுக்காமல், "ஞானம், இன்னிக்கி சும்மா ஒக்காரு லா, யாரும் கேக்க மாட்டாங்க" என்று விசிறி நாற்காலியைக் காட்டினார். அண்ணன் போகவில்லை. ரோஷக்காரர்.

திங்கட்கிழமை எனக்குப் பயிற்சி. ஆமாம், நானும் அக்காவின் மாணவன்தான். நாற்பத்தோரு வயதில், மூன்று தடவை தேர்வில் தோற்ற மாணவன். மைதானத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. நட்டு வைத்த கம்புகளுக்கு நடுவே காரைப் பக்கவாட்டில் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணாடி பாரு. மூணாவது கம்பு தெரியுதா? இப்ப ஸ்டியரிங்க ஒடி. ஒடிங்கிறேன்ல!" என்ற அக்கா, அதே மூச்சில் குரல் இறங்கி, "ஒங்கண்ணன புதன்கெழம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன் தம்பி" என்றார்.

"ஏங்க்கா?"

"மூணு வாரமா சரியில்ல. சோறு வெச்சா சாப்புடுறாரு, வெக்கலன்னா கேக்குறதில்ல. 'ம்'முன்னு சொல்லுவாருல்ல, அதுகூட இல்ல. அவரோட அப்பா இப்புடித்தான் பேச்சக் கொறச்சாரு. ஆறு மாசத்துல போய்ட்டாரு." கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லணும். எனக்குப் பயமா இருக்குடா."

பிலோமினா அக்கா வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. என் சத்தியம், கோழைத்தனம் எல்லாம் அங்கேயே கழன்று விழுந்தது.

"அண்ணனுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லக்கா. நாற்காலி போயிருச்சு."

"எந்த நாற்காலி?"

சொன்னேன். கிம் செங்கின் தகரம், விசிறி, பூனை, வால் எல்லாம் சொன்னேன். அக்காவின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. "அந்தப் பூஞ்சணத்தப் பாத்தா மனுசன் மழை சொன்னாரு? நான் தேய்க்கும்போது வெளிய நின்னு 'போதும் பிலோ, கை வலிக்கப் போவுது'ம்பாரு. என்மேல பாசம்னு நெனச்சேனேடா!"

"அதுவும் இருக்கும்க்கா" என்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குழாய் விஷயத்தையும் சொன்னேன்.

கார் குலுங்கி நின்றது. அவர் பக்கத்துப் பிரேக்.

"அப்ப மூணு வருசமா நான் தேய்ச்சது ஒன் குளியலையா?"

"ஆமாக்கா."

"என் கிராம்புத் தைலம்?"

"வாசன நல்லா இருந்துச்சுக்கா."

"எறங்கு."

இறங்கினேன். மழை வலுத்தது. அக்கா இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்கு மேலே தலை மட்டும் தெரிய, மைதானத்தைத் தனியாக ஒரு சுற்றுச் சுற்றினார். கம்புகளுக்கு நடுவே ஒரே வீச்சில் காரை நுழைத்தார். வெளியே எடுத்தார். மறுபடி நுழைத்தார். நான் நனைந்துகொண்டே நின்றேன். கடைசியில் என் பக்கத்தில் வந்து நிறுத்திக் கண்ணாடியை நாலு விரல் இறக்கினார்.

"ரெஜினா டீச்சருக்கு இது தெரிஞ்சிச்சு…"

"தெரியவே தெரியாதுக்கா."

"புழுக்கமா இருந்தா எத்தன தடவ குளிப்பே?"

"ரெண்டுக்கா."

"இல்லன்னா?"

"காக்காக் குளியல்."

பழையபடி பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தார். "சரி, ஏறு. சீட்ட நனைக்காத. ரிவர்ஸ் போடு."

புதன்கிழமை அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நவம்பர் நடுவில் எரிவாயு உருளையைத் தூக்கி வைக்க என்னைக் கூப்பிட்டபோது, கை கழுவும் சாக்கில் குளியலறைக்குள் போனேன். சுவரெல்லாம் வெள்ளை. பழைய இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு நீள்சதுரக் கட்டம், பயிற்சி மைதானத்தில் கார் நிறுத்தப் போட்டிருப்பதுபோலவே, மூலைக்கு மூலை அளந்து போட்டது. கட்டத்துக்குள் பூனை மறுபடியும் குந்தத் தொடங்கியிருந்தது. வால் ஒரு பக்கம் கோட்டைத் தாண்டப் பார்த்து, தாண்டிய நுனி மட்டும் சுத்தமாகத் தேய்க்கப்பட்டிருந்தது. பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி. அதில் ஒரு துண்டு. விருந்தாளி வந்தால் இழுத்து மூடிவிடலாம்.

நான் கையை ஈரத்தோடு பேண்ட்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல், "உருளைய நேரா வெச்சியா?" என்றார்.

இதையெல்லாம் இப்படி அச்சில் போடலாமா என்று கேட்பீர்கள். ரெஜினா டீச்சர் தமிழ்ப் பத்திரிகை படிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர். ஞானம் அண்ணன் பத்திரிகையில் படிப்பது வானிலை ஒன்றைத்தான், அதுவும் திட்டுவதற்காக. போன வியாழக்கிழமை அவர் கோப்பிக்கடைத் தொட்டிப் பக்கமிருந்தே, கண்ணை மூடிக்கொண்டு, "மூணு இருவது" என்றார். மூன்று பதினெட்டுக்குத் தகரத்தில் டங் என்று விழுந்தது. மறுநாள் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இன்று காலை ஐந்து ஐம்பது. சுவரில் டொக், டொக்.

"தம்பி. எப்புடி?" என்றது அக்காவின் குரல், ரகசியமாக.

"புழுக்கம்க்கா. ரெண்டு."

அந்தப் பக்கம் வாளியில் குவளை முங்கும் சத்தம். சுவரில் ஒரு குவளைத் தண்ணீர், அடித்து ஊற்றாமல், மெல்ல வழியவிட்டு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு குவளை. அதோடு ஒரு குரல், இத்தனை வருடப் பயிற்சியில் எனக்கு ஒரு நாளும் கிடைக்காத குரல். "மெதுவா வா. அவசரமில்ல. கோட்டத் தாண்டாம வா."

கூடத்தில் ஞானம் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. உடனே பிரஷ் கரகரவென்று தேய ஆரம்பித்தது. "நேத்துதானே பேசி முடிச்சோம்? அதுக்குள்ள எங்கேருந்துடா வந்தே?" என்று அக்கா தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். மூன்று வருடமாகக் கேட்ட காது எனக்கு. பிரஷ் உரசியது சுவரில் இல்லை, பிளாஸ்டிக் வாளியில்.